தலைநகர் காணப் புறப்படும் வேங்கைமலையார்க்கு

மழை தவறாது பொழிக! மலைத்தேன் வற்றாது சுரக்க! வேங்கைமலை நாட்டுக்கும் அதன் பன்னிரு குடியூர்களுக்கும் உடையவராய், கொடுவில் மரபின் தலைமகளாய், அருவிக்கால் கோட்டையில் வீற்றிருந்து அரசு செலுத்தும் செங்கோதை நாச்சியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகன் மாசாத்தன் எழுதிய ஓலை. குடியூர்த் தலைவர் பன்னிருவரும் அவர்தம் மனையோரும் கன்றுகாலிகளும் நலமே வாழ்க. நாச்சியார் உடல் நலத்தோடு இருக்கிறார். உள்ளத்தின் நலம் பற்றி எழுத வேண்டாம் என்பது கட்டளை.

காரியம் யாதெனில், பொன்மாடபுரியில் வரும் மாசித் திங்களில் பேரரசர் திருவிறற்கோவின் முடிசூட்டு நன்னாள் விழா நடக்கவிருக்கிறது. அதைக் காண நம் மலையிலிருந்து முந்நூறு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு அந்நகரில் என்ன நடந்தது என்பதை அறிந்தும் கொடுத்திருக்கிறீர்கள். தடுத்தால் சினத்தால் தடுத்தாள் என்பீர்கள். தடுக்காவிட்டால் தம்பியை மறந்துவிட்டாள் என்பீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லையாதலால், நாச்சியார் உங்களைத் தடுக்கவில்லை. போய் வருக. போகுமுன் இவ்வோலையை ஊர் மன்றில் உரக்கப் படிக்கக் கேட்டுவிட்டுப் போக.

முதலாவது, காலில் தோல்செருப்பு இல்லாமல் ஒருவரும் இறங்கலாகாது. அந்நகரத்துத் தெரு முழுதும் கல் பாவியது. உச்சிவேளையில் அடை சுடலாம். ஆற்றங்கரையில் கீழ்த்துறை ஓடக்காரர்கள் மேல்துறை இன்று மூடிக்கிடக்கிறது என்பார்கள். என்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். நம்பாமல் மேல்துறைக்கு நடக்க. கரையேறியதும் சிலர் ஓடிவந்து மூட்டையைப் பற்றி, அரசரின் சத்திரத்து ஆட்கள் நாங்கள், வாருங்கள் வாருங்கள் என்று உபசரிப்பார்கள். அரசரின் ஆட்கள் யாரும் அங்கே ஓடிவந்து உபசரிப்பதில்லை. ஆனைமுகக் குளத்து நீரைக் குடிக்க. அகழி நீரில் வாயும் கொப்பளிக்கலாகாது. ஏழுநிலை மாடத்தைப் பார்க்க விரும்புவோர் ஓரமாய் நின்று பார்க்க. நடுத்தெருவில் அண்ணாந்து நின்றால் தேர்ப்பாகர் நிறுத்த மாட்டார்கள். காடு விட்டு வந்த கழுதையே, வழிவிடு என்பார்கள். நாச்சியாரையே அப்படிச் சொன்னார்கள். பல்லக்கிலிருந்து இறங்கிய குற்றம் அவருடையதே என்று அவரே எழுதச் சொல்கிறார்.

அடுத்தது கத்தி. நம் மலையில் ஆண்மகன் ஒருவன் இடுப்புக் கத்தியைப் பிறர் கையில் கொடுப்பதென்றால், போரில் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வதாகும். பொன்மாடபுரியின் வடக்கு வாயிலிலோ, வருவோர் போவோர் எல்லாரும் கத்தியைக் காவலனிடம் கொடுத்து, திரும்பப் பெற அடையாளமாக வட்ட மண்வில்லை ஒன்றைப் பெற்றுக்கொண்டு சிரித்தபடி உள்ளே போகிறார்கள். நாச்சியாரின் இளவல் நெடுமாவன் சென்ற ஆண்டு தேன்குடங்களோடு அவ்வாயிலுக்குப் போனபோது இதை அவனுக்குச் சொல்லியனுப்பியவர் இல்லை. காவலன் கத்தியைப் பிடித்து இழுத்தான், இவன் விடவில்லை, காவலனின் சுட்டுவிரல் அறுபட்டு விழுந்தது. அரச வாயிலில் குருதி சிந்தியவனுக்கு அங்கே ஒரே தண்டனைதான். உங்கள் பிள்ளைகள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக. வீரம் காட்ட வேறு இடம் கிடைக்கும்.

இனிவருவதை மூன்று முறை படிக்க.

தம்பி சிறைப்பட்ட செய்தி கேட்டு நாச்சியார் இரவும் பகலும் பயணம் செய்து ஐந்தாம் நாள் அந்நகர் சேர்ந்தார். விருந்தினர் மாளிகை திறந்தது. சந்தனமும் தாம்பூலமும் வந்தன, யாழிசைப்போர் வந்தனர். நம் மலை வழக்கம் உங்களுக்குத் தெரியாததன்று: விருந்தாய்ப் போனவர் தம் தேவையைத் தாமே எடுத்துரைப்பது அவ்வீட்டாரை அவமதிப்பது. வந்த காரியம் என்ன என்று வீட்டார் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரு முறையும் உங்களைக் காண்பதே காரியம் என்று சொல்லி, மூன்றாம் முறையில்தான் வாய் திறக்க வேண்டும். பாட்டன் பூட்டன் காலம் முதல் அப்படித்தான். பசியோடு வந்தவனும் அப்படித்தான் நம் வாசலில் நின்றான்.

ஒன்பதாம் நாள் பேரரசர் நாச்சியாரை அழைப்பித்து, வந்த காரியம் யாதோ என்று வினவினார். உங்களைக் காண்பதே காரியம் என்றார் நாச்சியார். பதினேழாம் நாள் மீண்டும் அழைப்பித்து மீண்டும் வினவினார். அதே விடை. பேரரசர் மகிழ்ந்து பட்டும் பவழமும் கொடுத்தனுப்பினார். மாளிகைக்குத் திரும்பிய நாச்சியார், இரண்டு ஆயிற்று மாசாத்தா, இன்னும் ஒன்றுதான் என்று நிம்மதியாகச் சொன்னதை இவ்வோலை எழுதுபவனே தன் காதால் கேட்டான். கேட்டுவிட்டு, ஆம் தாயே என்று தலையாட்டினான். அந்தத் தலையை என்ன செய்வது என்று இன்றளவும் அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை. இருமுறை ஒன்றுமில்லை என்றவரை மறுபடி கேட்டால், இவர் ஏதோ இரக்க வந்தவர் என்று குத்திக்காட்டுவதாகும் என்பது அந்நகரத்து மரியாதை. நம் மலையில் உறவினர் வந்து பேசும்வரை குற்றவாளியைத் தண்டிப்பதில்லை. அங்கும் அப்படியே என்று நாச்சியார் எண்ணினார். அங்கோ சிறைப்பட்ட நாள் முதல் முப்பது நாள் கெடு. அதற்குள் உறவினர் ஒருவர் வாய்விட்டு ஒரு சொல் வேண்டினால், காவலனுக்கு ஈடு கொடுத்து மீட்டுப் போகலாம். வேண்டுவார் இல்லையேல் முப்பதாம் நாள் தண்டனை. கெடுவை அறியாத நாச்சியார் முப்பதாம் நாள் காலையும், இன்று பேரரசர் கேட்பார் என்று புத்தாடை உடுத்து அமர்ந்திருந்தார். மறுநாள் தாம்பூலம் கொண்டுவந்த பெண்தான், நேற்று ஒரு மலைக்காரனுக்குக் கழுவேற்றம் ஆயிற்று அம்மா, பாவம், பேச நாதியில்லை என்றாள்.

பேரரசரைக் குறை சொல்ல இடமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மாண்டவன் நாச்சியாரின் தம்பி என்று அறிந்ததும் அவர் அரியணையை விட்டு இறங்கி வந்து, ஒரு சொல், அம்மையே, ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா என்று கண்ணீர் விட்டார். நாச்சியாருக்கு அழுகை வரவில்லை. சிறைச்சாலைக்குப் போய்த் தம்பியின் கம்பளியைக் கேட்டார்.

இவ்விடத்தில் எழுத்தாணி காத்திருந்தது. பின்பு நாச்சியார், அதையும் எழுது என்றார்.

கம்பளியைக் கொடுத்த சிறைக்காவலன் சொன்னது இது. நெடுமாவன் உணவு கேட்கவில்லை, விடுதலை கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் அக்காள் இந்நேரம் வந்திருப்பாள், கேட்காமல் அவள் பேசமாட்டாள், யாராவது போய் அவளைக் கேளுங்கள் ஐயா, மூன்று முறை கேளுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். பித்துப் பிடித்தவன் பேச்சென்று அவர்கள் சிரித்தார்களாம். கடைசி நாளும் அதையே சொன்னானாம்.

ஆகவே நாச்சியாரின் கட்டளை. பொன்மாடபுரி செல்வோர், தேவை எதுவாயினும், எதிர்ப்படும் முதல் ஆளிடமே வாய்விட்டுச் சொல்க. அவன் செவிமடுக்காவிட்டால் அடுத்தவனிடம் சொல்க. வெட்கம் வந்தால் நெடுமாவனை நினைத்துக்கொண்டு சொல்க. மும்முறை கேட்கும் வழக்கம் இன்றோடு வேங்கைமலையில் ஒழிந்தது. நம் வாசலில் யார் வந்து நின்றாலும் தண்ணீர் கொடுக்குமுன் என்ன வேண்டும் என்று கேட்க. வந்தவரும் அப்பொழுதே சொல்க. பாட்டன் மரபு என்று இதை மறுக்கும் தலைவர், அருவிக்கால் கோட்டைக்கு நேரில் வந்து, அந்தக் கம்பளியின்மேல் அமர்ந்து மறுக்க.

இது நாச்சியார் கேட்டுச் சரியென்று ஒப்பிய ஓலை. மலையும் மழையும் உள்ளவரை செல்வது. வேங்கை முத்திரை இட்டாயிற்று. முத்திரையிடும்போது வேறேதும் எழுத வேண்டுமா தாயே என்று மாசாத்தன் கேட்டான். இல்லை என்றார். மறுபடி கேட்டான். இல்லை என்றார். மூன்றாம் முறையும் கேட்டான். அப்போதுதான் நாச்சியார் அழுதார்.