கோடன் வருவானா?

கூலாய், ஜொகூர்
9 மார்ச் 2025

மதிப்பிற்குரிய கேப்ரியல் சார் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் செல்வராணி. வயது நாற்பத்தேழு. செனாய் பக்கம் ஒரு ஃபேக்டரியில் தரச் சோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். மின்பலகைகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை என்பதால் வீட்டிலும் யாரும் என்னிடம் வாய் கொடுப்பதில்லை.

'ஏழு கரை' வீடியோ விளையாட்டின் கடைசியில் ஓடுகிற பட்டியலில் 'தமிழ் வசனம்: கேப்ரியல்' என்று பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஏனென்றால் நாற்பத்தொரு வயது வரைக்கும் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மலாய்ப் பள்ளியில் படித்தவள். பேசுவேன், சண்டை போடுவேன். கோவில் நோட்டீஸ் வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அண்ணன் மகள் வேண்டாம் என்று விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியில் உங்கள் விளையாட்டு இருந்தது. அதில் வரும் சமையல்காரப் பூதம் கோடன் பேசப் பேசக் கீழே எழுத்து வரும். கேட்பேன், நிறுத்துவேன், பார்த்துப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதுவேன். ஏழு கரையைக் கடப்பதற்குள் எழுதப் படிக்க வந்துவிட்டது. போனில் தமிழ் தட்டத்தான் இன்னும் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம். பிழை இருந்தால் ரூபினியைத் திட்டுங்கள். ஃபேக்டரியில் எங்கள் லைனில் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள் அவள்தான், அவள்தான் திருத்தினாள்.

நன்றி சார். இதைச் சொல்லத்தான் ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குறை. என்ன சார் நீங்கள், கோடனை எட்டாம் கரைக்கு அனுப்பிவிட்டு அப்படியே முடித்துவிட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் பெண்கள் பத்துப் பேர் என் வீட்டில் கூடுவோம். கதை நாயகி படகுக்காரி எந்தப் பதில் சொல்ல வேண்டும் என்று கை தூக்கி ஓட்டுப் போடுவோம். கடைசியில் எட்டாம் கரையின் வாசலை மூடப் படகுக்காரி போவதா, கோடன் போவதா என்று கேட்டீர்களே, ஏழுக்கு மூன்று ஓட்டில் கோடனை அனுப்பினோம். "சோறு ஆறுறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இங்கே சோறு ஆறி, புளித்து, பழைய சோறாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் பாகம் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்கள். கதையைச் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் கரையில் நடப்பதை எங்கள் கூட்டத்துச் சமந்தா முன்கூட்டியே உளறிவிட்டாள் என்று அவளை இரண்டு ஞாயிறு வீட்டுப் படி ஏறவிடவில்லை நான்.

தங்கள் நலம் விரும்பும்,
செல்வராணி


ஸ்கூடாய்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள செல்வராணி அக்காவுக்கு,

சார் வேண்டாம் அக்கா. உங்களைவிட நான் பதினோரு வயது இளையவன்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க முடியவில்லை. முதல் பக்கத்திலேயே கண் கலங்கிவிட்டது. மாடிப்படியில் போய் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். கோடனை எழுதும்போது இதை யாராவது படிக்கிறார்களா என்று தினமும் நினைத்திருக்கிறேன். ஒருவர் அவனைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டிருப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. நன்றி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, நான்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாகம் வருகிறது அக்கா. இதை வெளியே சொல்லக் கூடாது, உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. ஆனால் தமிழ் இருக்காது. மலாய், ஆங்கிலம், சீனம் மட்டும். யார் எந்த மொழியில் விளையாடுகிறார்கள் என்று இணையம் வழியாக எங்களுக்குக் கணக்கு வரும். மொத்தம் இருநூற்றுப் பதினோரு பேர்தான் தமிழைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜொகூரில் மூன்றே பேர். முதலாளி கெட்டவர் இல்லை. அந்தத் தாளை என் முன்னால் வைத்து, நீயே சொல் என்றார். படித்துவிட்டுத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மூன்று பேர் யார் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். ஒருவர் நீங்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
கேப்ரியல்


கூலாய்
13 ஏப்ரல் 2025

தம்பி கேப்ரியலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்துக்கு உன் முதலாளி எதிரில் இல்லாதது அவர் செய்த புண்ணியம். மூன்று பேராம்! என் வீட்டுக் கூடத்திலேயே பத்துப் பேர் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம்தான் ரூபினி கேட்டாள், "அக்கா, நம்ம பெட்டியில நெட் இருக்கா?" நெட் இல்லை தம்பி. நான்தான் எடுத்துவிட்டேன். முதல் வருடம், விளையாடத் தொடங்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை 'புதுப்பிக்கிறது, புதுப்பிக்கிறது' என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் கறிபாப் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று அன்றைக்கே துண்டித்தேன். ஐந்து வருடம் உன் கணக்கில் நாங்கள் யாருமே இல்லை. அந்த மூன்று பேரில்கூட நான் இல்லை.

குறை கண்டுபிடிக்கிறவள் என்று பெருமை அடித்துக்கொண்டேன். என் வீட்டுக் குறை எனக்குத் தெரியவில்லை. உன் தமிழை நானே இல்லாமல் ஆக்கிவிட்டேனோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று நெட் போட்டோம். அலாமாக், மறுபடியும் நாள் முழுக்கச் சுற்றியது! இந்தத் தடவை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வெளியே சொல்லக் கூடாது என்றாயே, அதனால் இரண்டாம் பாகம் வருவதைப் பற்றி ரூபினியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. தமிழில் விளையாடுவதைப் பற்றி எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒன்பது கடிதமும் இந்த உறையில் இருக்கின்றன. சமந்தா மலாய் எழுத்தில் தமிழ் எழுதியிருக்கிறாள், பொறுத்துக்கொள். கோணல் மாணலாகப் பெரிய எழுத்தில் நாலே வரி எழுதியிருப்பது பேச்சியம்மாள் அக்கா. எங்கள் ஃபேக்டரியில் கூட்டிப் பெருக்குகிறவர், அறுபது வயது. இப்போதுதான் என்னிடம் எழுத்துப் பழகுகிறார். முதலாளியிடம் இவற்றைப் படித்துக் காட்டு.

உன் அக்கா,
செல்வராணி


ஸ்கூடாய்
20 மே 2025

என் அன்புக்குரிய அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் மலாயில் சொல்லச் சொல்ல முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அக்காவின் கடிதத்தை மட்டும் கையில் வாங்கிப் பார்த்தார். கடைசியில், "சரி, தமிழும் போடுவோம்" என்றார். நான் என் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. மற்ற மூன்று மொழிகளிலும் எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர். தமிழுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. கதை தெரிந்த, பிழை விடாத, பொறுமையான ஓர் ஆள் வேண்டும், ஜூன் பதினைந்துக்குள் பெயரைச் சொல் என்றார். எனக்கு ஒரே ஒரு பெயர்தான் மனதில் வந்தது.

இங்கேதான் என் கை தயங்குகிறது. வசனங்கள் கதை வரிசையில் இருக்காது அக்கா. பதினாலாயிரம் வரிகள், எண் போட்டு, கலைந்து கிடக்கும். எந்தப் பதில் சொன்னால் என்ன நடக்கும், யார் சாகிறார்கள், கோடனுக்கு என்ன ஆகிறது, எத்தனை முடிவு என்று எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டால் நீங்கள் அந்த விளையாட்டை மற்றவர்கள் மாதிரி விளையாடவே முடியாது. முதல் கடிதத்தில் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். எனக்கு வருத்தம் இருக்காது.

என்றும் நன்றியுள்ள,
கேப்ரியல்


கூலாய்
25 மே 2025

தம்பி கேப்ரியலுக்கு,

முடியாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அக்கா திமிர் பிடித்தவள் என்று நினைக்காதே. சின்ன வயதில் நாங்கள் சிகாமட் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். டவுனில் படம் வந்தால் அண்ணன் காளியப்பன்தான் போவான். நான் பெண் பிள்ளை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து சண்டை, பாட்டு, யார் செத்தது, யார் கட்டிக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொல்வான். அவன் மேல் தப்பில்லை, பாசத்தில் சொன்னான். பெரியவளான பிறகு அதே படங்களை டிவியில் பார்த்தால் எல்லாம் முன்பே தெரியும். தமிழ்க் கதைப் புத்தகம் படிக்க எழுத்துத் தெரியாது. என் வாழ்க்கையில் எல்லாமே யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைதான்.

உன் 'ஏழு கரை'தான் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நான் உட்கார்ந்து பார்த்த முதல் கதை. கோடன் போன அன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்காகத்தான் ஐந்து வருடம் காத்திருக்கிறேன். அதையே கலைந்த தாளில் எண் போட்டுப் படி என்கிறாயே.

ரூபினியைக் கேட்கலாமா என்று பார்த்தேன். வேகமாகப் படிப்பாள், தப்பு கண்ணில் படாது. வேறு ஆளைப் பார், தம்பி. மன்னித்துக்கொள்.

செல்வராணி


ஸ்கூடாய்
3 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் 'முடியாது' எனக்கு நன்றாகப் புரிந்தது. தெரியாமல் இருக்கும் சுகத்தை உங்களுக்குக் கொடுத்தது என் எழுத்து என்றால், அதை நானே பறிக்கக் கேட்டது தப்பு.

இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டாலும் நான் குறைப்பட மாட்டேன். பத்துப் பேர் பாய் போட்டு உட்கார்ந்து என் வரிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எனக்கு ஆயுசுக்கும் போதும்.

கேப்ரியல்


கூலாய்
8 ஜூன் 2025

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன், நாளைக் காலையே போஸ்லாஜூ விரைவுத் தபாலில் அனுப்பிவிடுவேன். ஆள் கிடைத்தாயிற்றா? கிடைக்காவிட்டால் என் பெயரைக் கொடு.

இன்று பழைய விளையாட்டையே முதலிலிருந்து போட்டோம். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேச்சியம்மாள் அக்காவைப் படிக்கச் சொன்னேன். இரண்டாம் கரையில் கோடன் பேசுகிற ஒரு வரி. எழுத்தைத் தொட்டுத் தொட்டு, மூச்சு வாங்கி, படித்து முடித்துவிட்டார். முடித்ததும் சிரித்தார் தம்பி, அந்த வரியில் இருந்த கேலி புரிந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "அடுத்தது வந்தா நானே படிப்பேன் ராணி, யாரும் எனக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

அடுத்தது தமிழில் வராது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? அனுப்பு. தாளில் அனுப்பு, பேனாவோடு உட்கார்ந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

அக்கா


கூலாய்
20 ஜூலை 2025

அன்புத் தம்பி கேப்ரியலுக்கு,

நலம், நலமறிய ஆவல். இரண்டாவது கட்டும் திருத்திவிட்டேன், இத்துடன் அனுப்புகிறேன். சிவப்பு மை தப்பு, நீல மை என் சந்தேகம்.

பொதுவாக நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் 3,040-ஆம் வரியில் செத்துப்போன துறைமுகக் காவல்காரர் 8,112-இல் வந்து சாப்பாடு கேட்கிறார். இரண்டும் ஒரே கதை வழியில்தான் வருகின்றன, சரிபார். கோடன் ஓரிடத்தில் "நீவிர்" என்கிறான். அவன் வாயில் அது வராது, உனக்கே தெரியும், அன்றைக்கு உனக்குத் தூக்கம் போல. படகுக்காரி கோபப்படும் இடங்களில் இன்னும் கொஞ்சம் திட்டலாம். கூலாய்ப் பெண்கள் அவ்வளவு மரியாதையாகக் கோபப்பட மாட்டார்கள்.

9,417-ஆம் வரி போன வியாழக்கிழமை வந்தது. எது என்று உனக்குத் தெரியும். படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். நன்றாக அழுதேன் தம்பி. எண் போட்ட தாளில் படித்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாம் போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. அந்த வரியில் நான் ஒரு புள்ளிகூடத் திருத்தவில்லை. இவ்வளவு நாள் கோடனை மனதில் வைத்திருந்து இப்படி எழுதினாயே, உனக்கு என் கோடி நன்றி.

இன்று எல்லாரும் வந்தார்கள். இரண்டாம் பாகம் வருகிறது, தமிழிலும் வருகிறது என்று உங்கள் ஸ்டூடியோ வெள்ளிக்கிழமை அறிவித்ததிலிருந்து லைனில் வேறு பேச்சே இல்லை. எட்டாம் கரை எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள். லோஷினி கோடன் செத்தே போய்விட்டான் என்கிறாள். சமந்தா அவன் ராஜாவாகத் திரும்பி வருவான் என்று பந்தயம் கட்டுகிறாள். நான் உள்ளே மீகூன் கிளறிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் அக்கா அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார்.

"நீ என்னம்மா நினைக்கிற ராணி? கோடன் வருவானா?"

திரும்பிப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? வந்ததும் நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

உன் அன்பு அக்கா,
செல்வராணி