ஸ்பானிஷ் என்றால் யார்?

மச்சான்,

இன்று பீரோவை ஒழிக்கும்போது, அந்துருண்டை வாசனையோடு உங்கள் நோட்டு கைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே அந்த வார்த்தை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் வயிறு எரிகிறது.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கடலூர் ஓ.டி.யில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் உங்களுக்கு குமாஸ்தா வேலை. ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவர், செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு வர ஆரம்பித்தீர்கள். சுவர்க் காலண்டரில் அந்தக் கிழமைகளுக்கு நேராக இங்கிலீஷில் 'ஸ்பானிஷ்' என்று எழுதியிருந்தீர்கள். எட்டாவது படித்த எனக்கு எழுத்துக்கூட்ட முடிந்தது, அர்த்தம் தெரியவில்லை. கேட்டதற்கு, முகம் மழித்தபடியே, "ஸ்பெயின் நாட்டுக்காரங்க" என்றீர்கள். ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வரவில்லை. அன்று மீன் ஆணத்தில் உப்பே போடாமல் வைத்தேன். கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தீர்கள். மறுநாள் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா அங்கே இங்கிலீஷ் டீச்சர். "ஸ்பானிஷ்னா பொம்பளையாக்கா?" என்று கேட்டேன்.

"எப்படி எழுதியிருக்காரு?"

"வெறும் ஸ்பானிஷ்னுதான்."

"அந்த நாட்டு சனங்கள மொத்தமா சொன்னா முன்னால 'தி' போடணும். ஒத்த ஆளுன்னா ஸ்பேனியர்ட். பொம்பளைன்னா ஸ்பானிஷ் லேடின்னு சேத்து எழுதுவாங்க. வெறுமனே எழுதுனா அது பாஷைடி. உம் புருஷன் பாஷை படிக்கிறாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சாயங்காலம் நீங்களே எல்லாம் சொன்னீர்கள். இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பலின் ஸ்பெயின்காரச் சமையல்காரனைக் காலொடிந்து ஆஸ்பத்திரியில் விட்டுப்போயிருந்தார்கள். "பேச ஒரு ஆளில்லாம அழுவுறான் புள்ள. அதான் செவ்வா, வெள்ளி போயி அவங்கிட்டயே நாலு வார்த்தை கத்துக்குறேன்" என்றீர்கள்.

நாலு வார்த்தை நானூறு ஆனது. ஊர் போய்ச் சேர்ந்த அந்த ஆள் தன் கம்பெனியில் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். கடிதம் வந்தது. "மூணு வருஷம்தான், போய்ட்டு வந்துடறேன். பாஷை தெரிஞ்ச ஆளுன்னு கூப்புடுறாங்க" என்றீர்கள். உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் பார்த்ததில்லை. ஒரு பெண்ணாக இருந்திருந்தால் வாசலில் நின்று சண்டை போட்டிருப்பேன். பாஷையோடு எப்படிச் சண்டை போடுவது?

திரும்பி வந்த பிறகும் சாப்பிடும்போது ஏதோ அந்தப் பாஷையில் சொல்லி, நீங்களாகச் சிரித்துக்கொள்வீர்கள். ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னேன்: "அத வாசலோட வுட்டுட்டு வாங்க. இந்த ஊட்டுக்குள்ள வேணாம்."

அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

போன வருஷம் வாயும் கையும் இழுத்துக்கொண்டபோது, உங்களுக்குத் தமிழ் வரவில்லை. அந்தப் பாஷைதான் வந்தது. மூளையில் சில பேருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். கண் மூடும்வரை பதினோரு நாள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினீர்கள். நான் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினேன். போனில் பதிந்து அர்த்தம் கேட்கலாம் என்றாள் நம் மகள். நான்தான் வேண்டாம் என்றேன். வேறொருவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டாம் என்ற வீம்பு.

நீங்கள் சொன்னதில் எனக்குப் புரிந்தது என் பேர் மட்டும். இரண்டு தடவை வந்தது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். மீதியெல்லாம் அவளிடம், அந்த ஸ்பானிஷிடம், இருக்கிறது.