கதவில் உன் முகம்

தலைநகருக்குப் போய்த் தலைவராகிவிட்ட தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை, தெருவுக்குத் தெரு சுவரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

டிவியில் உன் பேச்சைக் கேட்டேன். வெளியூரிலிருந்து வந்து குவிகிறவர்களால்தான் வாடகை ஏறிவிட்டதாம், அவர்கள் மூட்டை கட்ட வேண்டுமாம். வாய் கூசவில்லையா உனக்கு? அப்பா விட்டுப்போன இந்த வீட்டின் கூடத்தைப் பலகை அடித்து நான்காகத் தடுத்து, அதே வெளியூர்க்காரர்களைக் குடிவைத்தது யார்? சாமான் அறைக்குக்கூட வாடகை போட்டவன் யார்? அவர்கள் வந்ததால் ஏறவில்லையடா. போக வேறு இடமில்லை என்பது உனக்குத் தெரிந்ததால் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை உன் கட்சிக்காரர்கள் கம்போடு வந்தார்கள். எதிர்வீட்டுக் கதவை உடைத்தார்கள். மூலைவீட்டுப் பெயிண்டரின் சட்டி பானையெல்லாம் தெருவில் உருண்டன. நம் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர்களே கதவில் ஒட்டிய போஸ்டரில் நீ கைகூப்பிக்கொண்டிருந்தாய். “டேய், இது அண்ணன் வீடுடா, தள்ளி வா” என்று ஒருவன் சொல்ல, அடுத்த வீட்டுக்குப் போனார்கள். உள்ளே உன் குடித்தனக்கார நர்ஸ், குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றே எதிர்வீட்டுக்காரர்களை உள்ளே அழைத்துக்கொண்டேன். பிறகு பெயிண்டர் குடும்பம். இடம் போதவில்லை என்று, உன் சாமான் அறையில் குடியிருக்கும் வெல்டர் உன் பலகைகளைப் பிடுங்கிப் போட்டான், கூடம் மறுபடி கூடமானது. நீ பூட்டிவைத்திருக்கும் படுக்கையறையையும் திறந்தாகிவிட்டது. வாடகை என்று இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். வேண்டுமானால் நீயே வந்து கேள்.

ஆளை அனுப்பி விரட்டலாம் என்று நினைப்பாய். வரட்டும். உன் மூஞ்சியைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், வந்தால் முதலில் நிற்பது நான். யார் வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்பதும் ஊருக்கே தெரிந்துபோகும்.

ஒரே ஒரு வேண்டுகோள். முன்கதவு போஸ்டர் மழையில் நனைந்து ஓரம் பிய்ந்து தொங்குகிறது. காற்றில் அது படபடத்தால் உள்ளே ஒருவருக்கும் தூக்கம் வருவதில்லை. பின்கதவில் ஒன்றுமே இல்லை. புதிதாக இரண்டு அனுப்பி வை.

உன்னைச் சபிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நன்றாக இரு, தம்பி. உன் செல்வாக்கு ஒரு பொட்டும் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் இந்தக் கதவை யார் மதிப்பார்கள்?

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்து தொலைத்த
அக்கா