மேனேஜர் தலையில் இருக்கும் சிலிக்கான்

வியாழன் இரவு.

கண்ணை மூடினால் மேனேஜர் சேகரின் பளபளக்கும் தலைதான் தெரிகிறது.

தட்டாஞ்சாவடிக் கம்பெனி ஒன்று எங்கள் லேபுக்கு அனுப்பிய எண்ணெயில் துளி சிலிக்கான் இருந்தாலும், அது பட்ட தகட்டில் பெயிண்ட் ஒட்டாது, சரக்கு திரும்பிவிடும். அதைச் சோதிக்க, எண்ணெயைச் சோப்புநீரோடு குலுக்கிப் பால்போலாக்கி, சிலிக்கான் அளவைக் காட்டும் மெஷினில் விடுவோம். அதற்கு முன் வெறும் சோப்புநீரை விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். இன்று காட்டவில்லை; சேகர் கையில் எடுத்துப் பார்த்த பாட்டில் அது.

"பாட்டில் கழுவக்கூடத் தெரியலையாம்மா உனக்கு?" என்றார். தலையைக் கோதிவிட்டு, பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்து அவரே குலுக்கினார். எண் இன்னும் ஏறியது.

"சார், உங்க ஹேர் சீரம்ல சிலிக்கான் இருக்கு. கை வெக்காதீங்க."

"என் தலைக்கும் மெஷினுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவர் போன் பேசப் போனதும் நான் வேறு பாட்டிலில் சோப்புநீர் எடுத்து, மூடி போட்டுக் குலுக்கினேன். பூஜ்யம். திரும்பி வந்தவர், "பாத்தியா, நான் நின்னாதான் இங்க வேலை நடக்குது" என்றார். மறுபடி தலையைக் கோதினார். அதே கட்டைவிரலால் அந்தக் கம்பெனி எண்ணெயையும் குலுக்கித் தொலைத்தார். சரக்கு தேறாது என்று ரிப்போர்ட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார். பேருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வேறு.

நாளை அந்த ரிப்போர்ட்டை என் கையெழுத்துக்கு நீட்டுவார். அந்தத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு லேப் வாசலிலேயே நிற்கட்டும். நான் அந்த எண்ணெயை மூடி போட்டு மறுபடி குலுக்கிப் பார்த்த பிறகுதான் என் பேனா திறக்கும்.