எரியாத பேட்டரி லாம்ப்

அக்டோபர் 9, 2018, செவ்வாய்

காலையில் மீன்விழுதை வேகவைக்கும் ஆவி அறையின் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால், இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி பெட்டியில் பேட்டரி லாம்ப் சிவப்பாக எரிகிறது. பத்து மணிக்கு அறை சூடானதும் அணைந்துவிட்டது. குளிர்ந்தால் எரிகிறது, சூடானால் அணைகிறது. சாகப்போகிற பேட்டரி இப்படித்தான் நாடகம் போடும்.

முரோதா சாரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் பராமரிப்புப் பிரிவின் தலைவர், பென்சிலைக்கூட மேசை விளிம்புக்கு இணையாக வைக்கிற மனிதர். முகம் வெளுத்துப் போனார். வெளுக்கத்தான் வேண்டும். மீன்விழுதைப் பலகையில் எப்போது பிதுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எத்தனை நேரம் ஆவியில் விட வேண்டும், எல்லாம் அந்தப் பெட்டியின் நினைவில்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. அந்த நிரலை எழுதிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. நகல் இருந்த பிளாப்பி டிஸ்க்கில் பூஞ்சை. மின்சாரம் இருக்கும்வரை பயமில்லை. பேட்டரி செத்த பிறகு ஒருமுறை மின்சாரம் போனால், ஆவி அறை பிறந்த குழந்தைதான். அதுவும் டிசம்பர் நெருங்குகிற நேரத்தில்! புத்தாண்டுக்குச் ஆவியில் வெந்த சிவப்பு வெள்ளை மீன்கட்டியான கமாபோகோ இல்லாமல் ஒதாவாராவில் இந்தத் தொழிற்சாலை எதற்கு?

பேட்டரி விற்கும் ஏஜென்சிக்கு போன் செய்தேன். ஆள் அனுப்புகிறார்களாம்.

அக்டோபர் 11

ஆள் வந்தார். ஹிரத்சுகா கிளையிலிருந்து, பெயர் தொகிதா. உயரம். பேனல் கதவில் தலையை இடித்துக்கொண்டு, கதவிடம் மன்னிப்புக் கேட்டார்.

கதவிடம்!

இந்த மாடல் பேட்டரி இப்போது எங்கேயும் இல்லை, தயாரிப்பாளரிடமிருந்து வர டிசம்பர் ஆகும் என்றார். "அதுவரைக்கும் மின்சாரத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. முடிஞ்சா நிரலை ஒரு நகல் எடுத்து வெச்சிடலாம்" என்றார். நகலுக்குத் தனிக் கட்டணம் என்றதும் முரோதா சார், "ஜனவரியில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

போகும்போது வெட்டி ஒதுக்கிய கமாபோகோ ஓரங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். ஏஜென்சிக்காரர்கள் எல்லோருக்கும் கொடுப்பதுதான். கொஞ்சம் அதிகமாகப் போட்டிருக்கலாம்.

அக்டோபர் 12

மெயின் சுவிட்சின் மேல் "தொடாதீர்கள்" என்று நானே எழுதி ஒட்டினேன். முப்பத்து நாலு வயதில் கையெழுத்து இவ்வளவு அழகாக வருமென்று தெரியாது.

அக்டோபர் 24

இன்று விடிகாலையில் லாம்ப் எரிந்தது. நியாயமான காரணம். போன் செய்தேன், வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், "இன்னும் தாங்கும்" என்றார். அந்த இரண்டு சொற்களுக்காக ஒரு மனிதர் ரயிலேறி வருகிறார் என்றால் உலகம் நல்ல இடம்தான்.

கமாபோகோ ஓரங்களை வீட்டில் வசாபிக் காரம் தடவி நின்றுகொண்டே சாப்பிடுவாராம். தட்டு எடுக்கச் சோம்பலாம். இது எனக்கு எதற்கு? ஆனால் மாலை முழுதும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேக்கிங் வரிசையை மேய்க்கும் எத்சுகோ அக்கா பார்த்துவிட்டார்.

"என்னடி தொமோயே, பல்லு சுளுக்கிக்கிச்சா?"

அக்டோபர் 31

எரிந்தது. வந்தார். தலையை இடித்துக்கொள்ளவில்லை. சற்று ஏமாற்றம்.

நவம்பர் 13

என்ன பருவம் இது? நவம்பரில் வியர்க்கிறது. ஒரு வாரமாய் லாம்ப் எரியவே இல்லை. காலையில் பேனலைத் திறந்து அதன் முன்னால் நின்று, "ஒரே ஒரு தடவை எரியேன்" என்று கெஞ்சினேன். பராமரிப்புப் பிரிவில் பதினோரு வருட அனுபவம் உள்ளவள் நான். ஒரு இயந்திரம் கெட்டுப்போகாதா என்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 14

பொய் சொல்லிவிட்டேன்.

மதியம் போன் செய்து, "லாம்ப் எரியுதுங்க, விடாம எரியுது" என்றேன். வாய்தான் சொன்னது, நான் இல்லை. முரோதா சார் இன்று தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அது தற்செயல்தான். தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் வந்தபோது லாம்ப் அணைந்தே கிடந்தது. "இப்போதான் அணைஞ்சது" என்றேன். இரண்டாவது பொய். அவர் லேப்டாப்பைத் திறந்து, கேபிளைப் பிஎல்சியில் மாட்டி, திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவர் காது சிவந்த மாதிரி இருந்தது. ஆவி அறைச் சூடு.

இரண்டு மணி நேரம் இருந்தார். நடுவில் நான் உரித்துக் கொடுத்த மிக்கான் பழத்தைச் சுளை சுளையாகச் சாப்பிட்டார். என்ன பேசினோம்? ஆவியைப் பற்றி. அப்புறம் அவர் அக்காவின் பூனையைப் பற்றி. இவ்வளவு பேசத் தெரிந்தவளா நான்?

நவம்பர் 15

வெட்கமாக இருக்கிறது. கொஞ்ச நேரம்தான்.

டிசம்பர் 10

பேட்டரி வந்துவிட்டதாம். நாளை மூன்று மணிக்குச் சற்று முன் கொண்டுவருகிறார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. புதுப் பேட்டரி ஐந்து வருடம் வரும். ஐந்து வருடம் லாம்ப் எரியாது. ஐந்து வருடம் அவரை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

ஆவி அறை இரவு பகலாக ஓடுகிறது. சிவப்புக் கமாபோகோ அடுக்கடுக்காக வெளியே வருகிறது. வருடத்தின் பாதி வருமானம் இந்த மூன்று வாரத்தில்தான் என்று முரோதா சார் நடந்துகொண்டே புலம்புகிறார்.

டிசம்பர் 11, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஆவி அறையைக் காலி செய்து நிறுத்தினோம். தொகிதாசான், "மின்சாரம் இருக்கும்போதே மாத்திடலாம் சார், அதுதான் நினைவுக்குப் பாதுகாப்பு" என்றார். முரோதா சார் கேட்கவில்லை. "பேனலுக்குள்ள கை போகுதுன்னா மெயின் ஆஃப். இருபது வருஷமா இங்க அதுதான் சட்டம்."

"சரி சார். உள்ள சேந்திருக்கிற கொஞ்சம் மின்சாரம் மூணு நிமிஷம் நினைவைத் தாங்கும். எனக்கு அரை நிமிஷம் போதும்."

வேலையிட வழக்கப்படி தொகிதாசான் சுவிட்ச் பக்கம் விரலை நீட்டி, "மெயின் ஆஃப், சரி!" என்று கத்தினார். நானும் விரல் நீட்டி, "சரி!" என்றேன். பழைய பேட்டரியை உருவினார். கையை என் பக்கம் நீட்டினார். புதுப் பேட்டரி என் உள்ளங்கையில். கொடுக்கப்போனேன். விரல் விரலில் பட்டது.

அந்த நொடியில் ஸ்பீக்கரில் பியானோ ஒலித்தது. மூன்று மணி. தினமும் ஊரே செய்யும் ரேடியோ உடற்பயிற்சி.

ஒன்றாம் வகுப்பிலிருந்து செய்துவரும் உடம்பு இது. அந்தப் பியானோவைக் கேட்டால் கை தானாக மேலே போகும். பேட்டரியைக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினேன். முரோதா சார் உயர்த்தினார். மீன்விழுது ஒட்டிய கையுறையோடு எத்சுகோ அக்கா உயர்த்தினார். தொகிதாசானும் உயர்த்தினார். அவர் ஆபீசிலும் மூன்று மணிக்கு இதுதானாம். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை. கையை வீசினோம், பக்கவாட்டில் வளைந்தோம், முன்னால் குனிந்தோம். அவர் பக்கத்தில் நின்று ஒரே தாளத்தில் வளைவது இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் குதிக்கிற கட்டம் வந்தது. குதித்தேன். தொடையில் ஏதோ இடித்தது. டொக். மறுபடி குதித்தேன். டொக்.

அந்தரத்தில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் கீழே வந்தோம்.

"குசாகாசான்…" எப்போதும்போல் மரியாதையாய் என் குடும்பப் பெயரைச் சொன்னார். "பேட்டரி…"

"என் பாக்கெட்ல."

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பின்னாலிருந்து முரோதா சார் குரல் கொடுத்தார். "மூச்சுப் பயிற்சி பாக்கி இருக்கு!"

பேட்டரியைச் செருகி மெயினைப் போட்டோம். மூன்று நிமிடம் கடந்துவிட்டிருந்தது. பிஎல்சியில் பிழை லாம்ப். உள்ளே ஒன்றுமில்லை. பிதுக்கும் பம்புக்குப் பிதுக்கத் தெரியவில்லை, கத்திக்கு வெட்டத் தெரியவில்லை. முரோதா சார் பேனலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "புத்தாண்டுச் சரக்கு… புத்தாண்டுச் சரக்கு…" இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இடுப்பு வளையக் குனிந்து நின்றேன். போச்சு. வேலை போச்சு, டிசம்பர் போச்சு, எல்லாம் போச்சுடி தொமோயே, ஒரு பேட்டரியக் கைல குடுக்கத் தெரியலையே உனக்கு, அவர் வேலையையும் சேத்துல்ல முழுங்கிட்ட—

என் பக்கத்தில் இன்னொரு தலை குனிந்தது. என்னைவிடத் தாழ்வாக.

"மன்னிக்கணும் சார். அனுமதி இல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"இதுக்கு மேல பண்ண என்னய்யா இருக்கு?"

"நவம்பர் பதினாலாம் தேதி, இந்த நிரல் முழுசையும் நகல் எடுத்துட்டேன். ஆபீஸ்ல இருக்கு."

முரோதா சார் முகத்தில் சூரியன் உதிக்கப் பார்த்தது. ஆனால் மனிதர் முரோதா சார் ஆயிற்றே, பாதியில் நின்றது. "பதினாலா? அன்னைக்கு உங்களை யார் வரச் சொன்னா?"

"லாம்ப் எரியுதுன்னு குசாகாசான் போன் பண்ணாங்க."

"எரிஞ்சுதா?"

தொகிதாசான் இன்னும் தாழ்வாகக் குனிந்தார். இதற்குமேல் குனிந்தால் நெற்றி தரையைத் தொடும். "இல்ல சார். பேட்டரி பிழை எப்பெப்போ வந்துச்சுன்னு அந்தப் பெட்டியே தேதி, நேரத்தோட ஞாபகம் வெச்சுக்கும். லேப்டாப்ல பாத்தேன். அதுக்கு முந்தின ஒரு வாரமா எரியவே இல்ல."

பேக்கிங் வரிசை முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"எரியலைன்னு தெரிஞ்சுமா இங்க உக்காந்திருந்தீங்க?"

"தெரிஞ்சுதான் சார். சும்மா உக்காந்திருந்தா தப்பா நினைப்பாங்களேன்னுதான் நகல் எடுத்தேன்."

எத்சுகோ அக்கா கையுறையோடு கைதட்டினார். மீன்விழுது நாலாபக்கமும் தெறித்தது, முரோதா சார் கண்ணாடியில் ஒரு சொட்டு. "சார், ரெண்டையும் திட்டாதீங்க! இவ பொய் சொல்லலைன்னா இந்த வருஷம் புத்தாண்டே கிடையாது!"

முரோதா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அடுத்த ரயிலப் பிடிங்க" என்றார்.

தொகிதாசான் ஓடினார். பேனல் கதவில் தலையை இடித்துக்கொண்டார். இந்தத் தடவை கதவிடம் மன்னிப்புக் கேட்க நேரமில்லை. திரும்பி வந்து லேப்டாப்பை மாட்டி நிரலை ஏற்றியதும் பம்ப் ஒரு தரம் முனகிவிட்டு மீன்விழுதைப் பிதுக்கியது, கத்தி வெட்டியது, எல்லோரும் கத்தினோம். முதல் பலகைக் கமாபோகோவை எத்சுகோ அக்கா வெட்டிச் சுவைத்துப் பார்த்து, "அதே ருசிதான்" என்றார்.

தொகிதாசானுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார். ஐயோ, தெரிந்தே மிக்கான் சாப்பிட்டிருக்கிறார்!

டிசம்பர் 12

விபத்து அறிக்கை எழுதச் சொன்னார் முரோதா சார். "ஏன்" என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணம் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் நினைவு அழிந்தது? பேட்டரி மாட்டவில்லை. ஏன்? பாக்கெட்டில் இருந்தது. ஏன்? உடற்பயிற்சி. நாலாவது ஏனில் நின்றுவிட்டேன். விரல் பட்டதால் மூளை வேலை செய்யவில்லை என்று அறிக்கையில் எழுத முடியுமா?

முரோதா சார் வாங்கிப் பார்த்தார். மீதியைத் தானே நிரப்பிக்கொண்டார், எனக்குக் காட்டவில்லை. சாயங்காலம் பேனல் கதவில் புதுப் பலகை தொங்கியது: "உடற்பயிற்சி நேரத்தில் பேட்டரி மாற்றக் கூடாது." அதோடு நகலுக்கான கட்டணத்தையும் இன்றே அனுப்பச் சொல்லிவிட்டார்.

எத்சுகோ அக்கா கேட்டார்: "ஏண்டி, நேராக் கூப்பிடத் தெரியாதா உனக்கு? இயந்திரத்தையா நடுவுல வைப்ப?"

டிசம்பர் 28

கடைசிச் சரக்கு லாரி ஏறிவிட்டது. தொழிற்சாலையைத் துடைத்துக் கழுவி மூடினோம். மெயின் சுவிட்சை நானே அணைத்தேன், பயமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டியபோது போன்.

"லாம்ப் எப்படி இருக்கு?"

"புதுப் பேட்டரி. எப்படி எரியும்?"

"அப்போ என்ன சாக்கு சொல்லி நான் வர்றது?"

"சாக்கு எதுக்கு? வாங்க."

சொல்லிவிட்டேன். நானேதான் சொன்னேன், வாய் இல்லை. குளிர்பெட்டியில் கமாபோகோ ஓரங்கள் ஒரு மலை இருக்கிறது. தட்டு எடுத்து வைக்கட்டுமா, நின்றுகொண்டே சாப்பிடுவாரா?

நவம்பர் 21, 2023, செவ்வாய்

பழைய பெட்டிக்குள் இந்த டைரி கிடைத்தது. பாக்கிப் பக்கங்களை வீணாக்குவானேன்.

முரோதா சார் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அவர் மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் படித்துவிட்டுக் காரணம் கேட்கிறார்கள். எத்சுகோ அக்கா நடித்தே காட்டுகிறார், குதிப்பது உட்பட.

இன்று காலை பனி. பேனலைத் திறந்தால் சிவப்பு. பத்து மணிக்கு அணைந்துவிட்டது. நல்ல பிள்ளை, சொன்னபடி ஐந்து வருடம்.

ஏஜென்சிக்கு போன் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தேன். அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவு நெற்றிக்கு நேராகத் திறந்து கிடந்தது, அதை மூடினேன்.

"பேட்டரி லாம்ப் எரியுதுங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"நிஜமாவே எரியுதா?"