ஒரு டம்ளர் தண்ணீர்

மார்ச் 3
நாளை மறுநாள் அரசின் நிதிக் குழு வருகிறது. எங்கள் தொண்டைப் பட்டை வார்டுக்குப் போகுமா, ஆய்வுக்கூட அலமாரியிலேயே தூங்குமா என்பது அவர்கள் கையில். பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போனவர்களின் தொண்டைத் தசையை, மெல்லிய மின்சாரத்தால் தட்டி எழுப்பும் பட்டை அது. டிரைவர் அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பின் மூக்குக் குழாயில்தான் உணவு; எங்கள் சோதனையில் பட்டை கட்டி அதிலிருந்து மீண்டு, நுரையீரலுக்குள் வழுக்காதபடி கெட்டியாக்கிய தண்ணீரை இப்போது ஸ்பூனில் விழுங்குகிறார். "உங்களுக்கு இல்லாததா டாக்டர், வரேன்" என்றார்.

மார்ச் 5
குழுத் தலைவர் கேட்டார்: "சாதாரணத் தண்ணி குடிப்பாரா?"
கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன். டம்ளரைக் காலி செய்தார். இருமவில்லை. கை தட்டினார்கள்.
தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் சிலருக்கு இருமல் வராது. எனக்குத் தெரியாதா? தெரியும். நானும் கை தட்டினேன்.

மார்ச் 6
நிதி உறுதி. கேக் வெட்டினார்கள். என் துண்டைத் தொடாமல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8
அண்ணனுக்கு நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான் டாக்டர்" என்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே நின்றேன்?

மார்ச் 9
அண்ணனின் மனைவி அக்காவிடம், நான் தெரிந்தே தலையாட்டியதைச் சொல்லிவிட்டேன். வராந்தாவில், நின்றபடியே. அக்கா மெதுவாகச் சொன்னார்:
"அன்னிக்கே கேட்டேன், தண்ணி குடிச்சீங்களே, ஒண்ணும் ஆகாதான்னு. ஆகும்னா டாக்டர் விடுவாங்களான்னாரு."
திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 12
நடந்ததைக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "கைக்கு வந்ததக் கெடுக்கணுமா? எத்தனை பேருக்கு உதவப்போற விஷயம்."
"அத்தனை பேருக்கும் இப்படித்தான் தலையாட்டுவேனா சார்?"
வீராப்பு ஒன்றும் இல்லை, பயந்துகொண்டேதான் சொன்னேன்.

ஏப்ரல் 20
நிதி நிற்கவில்லை. திட்டத்திலிருந்து என்னைத்தான் நீக்கினார்கள். எக்ஸ்ரேயில் விழுங்குவதைப் பார்க்காமல் யாருக்கும் சொட்டுத் தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். நியாயம்தான்.
அண்ணன் பிழைத்துக்கொண்டார். மூக்கில் மறுபடி குழாய் — எல்லாம் முதலிலிருந்து. இன்று வார்டுத் திட்டத்தின் முதல் நோயாளியாக அவருக்குத்தான் பட்டை கட்டுகிறார்கள். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று வராந்தாவில் தயங்கி நின்றேன். பெஞ்சில் அக்கா. என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
"உக்காரும்மா."
டாக்டர் என்று கூப்பிடவில்லை. உட்கார்ந்தேன்.