வழுக்கவில்லை

ஜனவரி 22, புதன்

விருதுநகரில் பஸ் ஏறி பாலவனத்தத்தில் இறங்கியபோது மணி பதினொன்று. நான்கு ஆட்டங்களுக்குத் தடை. அதுவரை முகாமில் இருக்க வேண்டாம், ஊருக்குப் போய் வா என்று கிளப்பில் அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் என் ஃபிளெக்ஸ். ‘பாலவனத்தத்தின் பாறை, அழகுராஜா.’ அண்ணன் சின்னச்சாமியின் வேலை. எந்தப் படம் என்று நிமிர்ந்து பார்த்தேன். போன சனிக்கிழமை சென்னையில் நடந்த கால்பந்து ஆட்டம், ஐம்பத்தேழாவது நிமிடம். என் கால் நீண்டிருக்கிறது. சென்னை அணியின் தனுஷின் கால், முழங்காலுக்குக் கீழே, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருக்கிறது. அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அண்ணன் தன் படத்தை வட்டமாக வைத்திருக்கிறான்.

டீக்கடையில் செல்போனை வைத்து, வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கிறார்கள். “ராசா, அந்தப் பய இனி எந்திரிப்பானா?” என்று ஒருத்தர் கேட்டார். வாயில் வடை. இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது என்றேன். “அப்பிடிப் போடு” என்றார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் வேலியோரம் வாந்தி.

ஜனவரி 23

பக்கத்து வீட்டில் காய்ந்த கருவேலங்குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிறார்கள். அதே சத்தம். எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அருப்புக்கோட்டையில் ஒரு விளையாட்டு மன்றத்தில் கொடியேற்றம். எனக்குப் பாராட்டு. வரவில்லை என்றேன், அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மன்றத் தலைவர் மைக்கில் சொன்னார்: “வெளியூர்க்காரன் நம்மளத் தாண்டிப் போயிர முடியுமா? கால ஒடிச்சுல்ல அனுப்புனாரு நம்ம தம்பி.” கைதட்டல். கூட்டத்தில் ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக் காட்டினாள். பொன்னாடையைப் பிளாஸ்டிக் உறையோடு போர்த்தினார்கள். வெயிலில் அது கழுத்தில் ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் பெரிதில்லை. சாயங்காலம் ஃபோட்டோ அனுப்பினார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பல் தெரிய.

ஜனவரி 28, செவ்வாய்

நான் வந்ததிலிருந்து தீபலட்சுமி அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூலுக்குப் போகிறாள், கணக்கு நடத்துகிறாள், வருகிறாள். மனைவி பேசாமல் இருப்பது நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“நான் அத ஒரு தடவதான் பாத்தேன். நீங்க மொதல்ல உங்க ஆளுக ஒக்காந்திருக்க பக்கம் பாத்தீக. பெறகுதான் ஓடுனீக.”

“பந்து வந்துச்சு, ஓடுனேன்.”

“பந்து அப்ப அந்தப் பையன்கிட்ட வரவே இல்ல.”

அடுத்த நோட்டை எடுத்துவிட்டாள்.

ரெஃப்ரி பார்க்கவில்லை. டிவியில் பேசியவர்கள் பார்க்கவில்லை. கால்பந்தே பிடிக்காத இவள் பார்த்திருக்கிறாள்.

சரி. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இடைவேளையில் இரண்டுக்குப் பூஜ்யம். இரண்டும் தனுஷ் அடித்தது. கோச் வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார், ஷூ கயிற்றைச் சரிபார்ப்பவர் மாதிரி. முழங்காலில் கை வைத்து, “அந்தப் பதினொன்னாம் நம்பர் கடைசிவரைக்கும் ஆடக்கூடாது. நான் சொல்றப்ப” என்றார். “புரியுதா?”

புரியுது சார் என்றேன்.

ஐம்பத்தேழாவது நிமிடத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் வாட்சைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

புரியுது சார். த்தூ.

ஜனவரி 31, வெள்ளி

கோச் பேசினார். விஷயம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போய்விட்டதாம். ஒரு கடிதம் டைப் செய்து அனுப்பியிருக்கிறார், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். புல் ஈரமாக இருந்தது, கால் வழுக்கிவிட்டது, மிகவும் வருந்துகிறேன்.

“சார், அன்னைக்கு மழையே இல்லையே.”

“கிரவுண்டுக்குக் காலையில தண்ணி விட்டிருப்பாங்க. யாரு போயி தொட்டுப் பார்க்கப் போறா?” பிறகு, “உனக்கு முப்பத்திரண்டு ஆகப்போகுது அழகு. இன்னும் ரெண்டு வருஷம் கான்ட்ராக்டுக்கு நான் பேசிட்டேன். அது முடிஞ்சா என்கூட அசிஸ்டென்டா இருந்துக்கோ” என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். கடைக்காரர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பேனாவும் அவரே கொடுத்தார். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதிமூன்று வருஷம் ஆடியிருக்கிறேன். இந்தக் கரிசலில் கால்பந்தை யார் தொட்டார்கள்? கபடிதான். நான் மதுரை ஹாஸ்டலுக்குப் போனதே ஓட்டப்பந்தயத்துக்காக. உயரத்தைப் பார்த்து டிஃபென்ஸில் நிறுத்தினார்கள். நின்றேன். பிடித்துப்போனது. எல்லாரும் கோல் அடிக்க ஆசைப்படும் ஆட்டத்தில், நடக்கவிடாமல் செய்வதற்கு என்று ஒருத்தன். எதிராளியின் காலைப் பார்க்க மாட்டேன், இடுப்பைப் பார்ப்பேன். கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பந்தை எடுத்துவிட்டு, விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவேன். முதல் பத்து வருஷம் ஒரு சிவப்பு அட்டை கிடையாது. அதில் எனக்குத் திமிரே உண்டு.

இந்தக் கோச் வந்து மூன்று வருஷம். முதலில், கார்னர் நேரத்தில் இடுப்பில் கிள்ளு என்றார். கிள்ளினேன். அப்புறம் குதிகாலை மிதி என்றார். மிதித்தேன். ஒருத்தனுக்கு அப்பா இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதைச் சொல்லி அவன் காதில் பேசு என்றார். பேசினேன். அவன் என்னை அடித்தான், வெளியே அனுப்பினார்கள், நாங்கள் ஜெயித்தோம். பஸ்ஸில் எனக்குக் கைதட்டல்.

எடுத்த எடுப்பில் காலை ஒடி என்றிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். — அப்படித்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒவ்வொரு படியா நீயாத்தானே எறங்குன. உன்னைய யாரும் புடிச்சுத் தள்ளலையே.

பிப்ரவரி 5, புதன்

தனுஷ் நம்பரை வாங்கிப் பேசினேன். அவன் அக்கா அனுசியாதான் எடுத்தாள். யார் என்று சொன்னேன்.

“நீதானா அது? அவன் தூங்குறான். உள்ள கம்பி வெச்சிருக்காங்க. இன்னொரு ஆபரேஷன் இருக்கு.”

என்னவோ உளறினேன்.

“நான் உன்ன திட்டித் தீர்த்துட்டேன்பா. அவன்தான் என்னாண்ட சண்டைக்கு வர்றான். அந்த அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல, கால் வழுக்கிடுச்சு, அவரே லெட்டர் குடுத்திருக்காருன்றான். போன வருஷம் மேட்ச் முடிஞ்சு நீ குடுத்த பனியன இன்னும் செவுத்துல மாட்டி வெச்சிருக்கான்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 6

சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

விசாரணை வீடியோவில். தீபாவின் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உட்கார்ந்தேன். குழுவில் மூன்று பேர், கோச், நான். கடிதத்தைப் படித்தார்கள். “இது உங்களுடையதுதானே?” என்று தமிழ் தெரிந்தவர் கேட்டார்.

“கையெழுத்து என்னுது சார். உள்ள இருக்கது பொய். வழுக்கல.”

முழுக்கச் சொன்னேன். இடைவேளையில் சொன்னது, வாட்சைப் பார்த்தது, தலையை ஆட்டியது. கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், “பாவம், குற்ற உணர்ச்சியில என்னென்னமோ பேசறான். நல்ல டாக்டரா பார்க்கணும். நானே ஏற்பாடு பண்றேன்” என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். மூன்று வருஷமும் இதே குரல்தான்.

முடிந்ததும் லேப்டாப்பை மூடினேன். தீபா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “சாப்புடுறீகளா?” என்று மட்டும் கேட்டாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் சோறு இறங்கியது.

பிப்ரவரி 19, புதன்

தீர்ப்பு. எனக்கு இரண்டு வருஷத் தடை. கோச் மீது ஆதாரம் இல்லை. அன்று அறையிலிருந்தவர்களில் ஏழு பேரைக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் ஒன்றும் காதில் விழவில்லையாம். எங்கள் கோல்கீப்பர் என் தோளை ஒட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு சுளை கொடுத்தான்.

கிளப்பிலிருந்து இரண்டு வரிக் கடிதம். அவ்வளவுதான். முப்பத்திரண்டில் தடை, முப்பத்து நாலில் யார் கூப்பிடுவார்கள்?

பிப்ரவரி 23, ஞாயிறு

ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். மக்காச்சோளம் காயப்போட்டிருக்கிற இடத்தில், ஆளுகளை வைத்துக்கொண்டே அண்ணன் கத்தினான். “கால ஒடிச்சது ஆட்டம்லே. ஆட்டத்துல ஆயிரம் நடக்கும். அத ஊரறியச் சொன்ன பாரு, அதான் அசிங்கம். மானத்த வாங்கிட்டியே.”

“அந்தப் பையன் மொகத்த வெட்டிட்டு உம் மொகத்த வச்சியே. அது அசிங்கமில்லையாண்ணே?”

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி பேசுவான் என்று தோன்றவில்லை. ஒடித்தபோது வீரன், சொன்னபோது துரோகி. இந்த ஊருக்கு எதில்தான் அருவருப்பு வரும்?

மார்ச் 3

தனுஷிடமிருந்து மெசேஜ். “ஏன் அண்ணா?” வேறொன்றும் இல்லை. பதில் எழுதி எழுதி அழித்தேன்.

மே 5, திங்கள்

பந்தல்குடியில் ஒரு மாட்டுத்தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். லோடு இறக்குவது, சிட்டை எழுதுவது. முதலாளியம்மா ராமலட்சுமிக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. “நல்ல ஒசரமா இருக்கீக, மேலடுக்கு மூட்டைக்கு ஏணி வேண்டாம்” என்றார்கள். இந்த வருஷம் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

அனுசியா பேசினாள். இரண்டாவது ஆபரேஷனும் ஆயிற்று. நடப்பான், ஆட முடியாது.

“போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டோம். மொத பேரு உன்னுது. ரெண்டாவது உங்க கோச்சு. நீ வாயத் தொறந்தாதான் அந்தாளு மாட்டுவான்னு வக்கீல் சொல்றாரு. ஆனா நீயும் சேர்ந்து மாட்டுவ. வருவியா?”

“வாரேன்மா.”

“இன்னா, யோசிக்க மாட்டியா?”

யோசிக்க என்ன இருக்கிறது. தீபாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “எந்த ரயிலு?” என்றாள்.

ஜூன் 12, வியாழன். சென்னை.

போலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. தனுஷ் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஊன்றுகோல். ஆள் இளைத்துவிட்டான். அனுசியா வக்கீலோடு உள்ளே போயிருந்தாள். நின்றுகொண்டே இருந்தேன். அவன் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.

உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“உங்க ஆட்டமெல்லாம் போட்டுப் பார்த்திருக்கேண்ணா. நீங்க எப்பவும் இடது கால்லதான வருவீங்க. அதான் அன்னிக்கு நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.”

“பந்த எடுக்க வந்தா இடதுதான். அன்னைக்கு வலது” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். புரிந்துவிட்டது அவனுக்கு. ஆட்டம் தெரிந்தவன்.

உள்ளே இருந்து பெயர் கூப்பிட்டார்கள். முதலில் என் பெயர். எழுந்து போனேன்.